எறும்பு ஏறும் வழியை அடைப்போம்: மரத்துக்குப் பசைக்கட்டு போடும் முறை

மாவுப்பூச்சி பிடித்த கொய்யா மரம் ஒன்று வீட்டில் இருந்தால், மருந்துக் கடைக்குக் கிளம்புவதற்கு முன் அதன் தூரில் ஐந்து நிமிடம் குந்தியிருந்து பாருங்கள். பட்டை மேல் எறும்புச் சாரை ஒன்று போய்க்கொண்டிருக்கும். ஏறுகிற எறும்பையும் இறங்குகிற எறும்பையும் தனித்தனியாகக் கவனியுங்கள். ஏறுவதன் வயிறு ஒட்டிப்போய்க் கறுப்பாக இருக்கும். இறங்குவதன் வயிறோ உப்பி, வெயில் பட்டால் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். அதற்குள் இருப்பது மாவுப்பூச்சி கழித்த இனிப்புத் தண்ணீர்.

மாவுப்பூச்சி, செதில் பூச்சி, அசுவினி மூன்றும் மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழ்பவை. உறிஞ்சுகிற சாற்றில் சர்க்கரை மிகுதி, புரதச் சத்து குறைவு. தேவையான சத்து சேரும் வரை குடித்துக்கொண்டே இருக்கும். மிஞ்சிய சர்க்கரையைத் தேன் மாதிரி சொட்டுச் சொட்டாகக் கழிக்கும். அந்தச் சொட்டுக்குத்தான் எறும்பு வருகிறது. சும்மா வாங்கிக்கொண்டு போவதில்லை, கூலிக்குக் காவலும் இருக்கிறது. பொறிவண்டு வந்தால் கடித்து விரட்டுகிறது, மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்க வரும் சிறு குளவியை இருக்க விடுவதில்லை. சில இனங்கள் குஞ்சுப் பூச்சியை வாயில் கவ்விப் புதுக் கொழுந்தில் கொண்டுபோய் விடவும் செய்யும். இலை மேல் கறுப்பாகக் கரி பூசியது போல் படிகிறதே, அந்தக் கரும்பூசணமும் சிந்திய தேன் தண்ணீரில் வளர்வதுதான்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி பல வருடம் முன்பே இதை எனக்கு ஒரே வரியில் சொல்லிவிட்டார்: “எறும்ப விட்டுட்டுப் பூச்சிக்கு மருந்து அடிச்சா என்ன புண்ணியம் தம்பி? கொண்டாந்து விடுறவன் கீழ நிக்கான்லா!” நான் கேட்கவில்லை. இரண்டு கோடை மருந்தடித்துப் பார்த்த பிறகுதான் தூரைக் குனிந்து பார்த்தேன்.

பசைக்கட்டு என்பது இதற்குத்தான். அடிமரத்தைச் சுற்றி ஒரு பட்டி கட்டி, அதன் மேல் காயாத பசையைத் தடவி, ஏறுகிற பூச்சியின் பாதையை அடைப்பது. அது மருந்து இல்லை. மரத்தின் மேல் ஏற்கெனவே இருக்கும் பூச்சியை அது கொல்லாது. இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டால் பிறகு ஏமாற்றம் வராது.

இந்த முறை பெரிய அளவில் நடப்பது வடக்கே. உத்தரப் பிரதேசத்தில் லக்னோ அருகே மலிகாபாத் சுற்று வட்டாரம் முழுக்க மாந்தோப்பு. அங்கே மாமரத்தைத் தாக்கும் பெரிய மாவுப்பூச்சியின் பெண்ணுக்குச் சிறகு கிடையாது. ஏப்ரல், மே மாதங்களில் மரத்தை விட்டு இறங்கி, தூரைச் சுற்றியுள்ள மண்ணில் சில அங்குல ஆழத்தில் நூற்றுக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் குஞ்சுகள் பொரித்து, நடந்தே மரமேறி, பூங்கொத்துகளுக்குப் போய்ச் சேரும். மரத்துக்குப் போக அவற்றுக்கு அடிமரத்தை விட்டால் வேறு வழியில்லை. அதனால் டிசம்பர் நடுவிலேயே தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் 25 முதல் 30 செ.மீ. அகலமும் 400 கேஜ் தடிமனும் உள்ள பாலித்தீன் தாளைச் சுற்றி, மேலும் கீழும் கயிற்றால் கட்டி, கீழ் விளிம்பில் கிரீஸ் தடவிவிடுகிறார்கள். வழவழப்பான தாளில் குஞ்சுக்குக் கால் பிடிமானம் கிடைக்காது. தாளுக்கு அடியில் புகப் பார்த்தால் கிரீஸ் தடுக்கும்.

நம் ஊர்க் கொல்லையில் நிலைமை கொஞ்சம் வேறு. இங்கே கொய்யா, சீத்தா, எலுமிச்சை, சப்போட்டா, செம்பருத்தி என்று எதிலும் ஒட்டும் மாவுப்பூச்சிகள் மண்ணிலிருந்து கூட்டமாக ஏறுவதைவிட, எறும்பின் தயவில் பெருகுவதே அதிகம். எறும்புக்குப் பாலித்தீன் வழுக்கல் ஒரு பொருட்டே இல்லை, சுவரிலும் கண்ணாடியிலும் ஏறுகிற பிறவி அது. ஆகவே நமக்கு வழுக்குகிற கட்டு போதாது, ஒட்டுகிற கட்டு வேண்டும்.

முதலில் உங்கள் மரத்துக்கு இது வேண்டுமா என்று பாருங்கள்

நடந்து ஏறுவதை மட்டுமே பசைக்கட்டு நிறுத்தும். மாம்பூவைக் கருக்கும் தத்துப்பூச்சி பறந்து வருவது, கொய்யாப் பழத்தில் புழு வைக்கும் பழ ஈயும் பறந்து வருவது. இவற்றுக்குக் கட்டு போட்டு ஒரு பயனும் இல்லை. தென்னையில் ஆமணக்கு எண்ணெய் தடவிய மஞ்சள் பாலித்தீன் தாளைச் சுற்றிக் கட்டியிருப்பதைப் பொள்ளாச்சிப் பக்கம் பார்த்திருப்பீர்கள். அது வேறு கணக்கு. மஞ்சள் நிறத்துக்கு மயங்கிப் பறந்து வரும் சுருள் வெள்ளை ஈயைப் பிடிக்கும் பொறி அது. மரமேறுவதைத் தடுக்கும் கட்டுக்கு மஞ்சள் நிறம் வேண்டாம். மஞ்சள் வைத்தால் பொறிவண்டும் சிறு குளவியும் தேனீயும் வீணாக வந்து ஒட்டிச் சாகும். மங்கலான பழுப்போ பட்டையின் நிறமோ போதும்.

முசுறு விஷயத்திலும் நிதானம் வேண்டும். இலைகளைச் சேர்த்துத் தைத்துப் பந்து மாதிரிக் கூடு கட்டும் அந்தச் செவ்வெறும்பும் தேன் தண்ணீருக்காக மாவுப்பூச்சியை வளர்க்கிறது. கூடவே இலை தின்னும் புழுக்களையும் வண்டுகளையும் வேட்டையாடுகிறது. சீனாவில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் ஆயிரம் வருடத்துக்கு மேலாக இதன் கூட்டை வாங்கி மரத்தில் கட்டி, மரத்துக்கு மரம் மூங்கில் பாலமும் போட்டுக் கொடுத்தார்கள். மாவிலும் முந்திரியிலும் முசுறு இருந்து, மாவுப்பூச்சி பெரிதாக இல்லை என்றால், கடி பொறுக்க முடிந்த வரை நான் அதைத் தொடுவதில்லை. அது மரத்திலேயே குடியிருப்பதால் அடியில் கட்டு போட்டு அதைத் துரத்தவும் முடியாது.

தூரில் சாரை போகிறது, மேலே வெள்ளைப் பஞ்சு போல் மாவுப்பூச்சி தெரிகிறது, இலையில் பிசுபிசுப்பு இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் கட்டு போடலாம்.

என்னென்ன வேண்டும்

பட்டையைச் சுற்ற ஏதாவது ஒரு மெத்தை: பழைய சாக்கு, பருத்தித் துணி, பஞ்சு. அதன் மேல் சுற்ற 15 செ.மீ. அகலத்தில் தடித்த பாலித்தீன் தாளோ, பெட்டி ஒட்டும் அகலமான பழுப்பு டேப்போ. கட்டுவதற்குச் சணல் அல்லது இழுத்தால் நீளும் துணி நாடா. கம்பி வேண்டவே வேண்டாம். பசை தடவச் சுவருக்குப் பட்டி பார்க்கிற தகடு அல்லது ஒரு மரக்குச்சி. கைக்கு உறை. கையில் ஒட்டிய பசையை எடுக்கத் தேங்காய் எண்ணெய். தண்ணீரும் சோப்பும் தனியாக இதற்கு உதவாது, எண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டு அப்புறம் சோப்பு.

பசைதான் முக்கியம். பூச்சிப்பொறிக்கென்று விற்கும் காயாத பசை வேளாண் இடுபொருள் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது. நாலைந்து மரம் வைத்திருப்பவர் அதையே வாங்கிக்கொள்வது நல்லது. வெயிலில் வழியாது, மழையில் கரையாது.

வீட்டில் செய்து பார்க்க விரும்பினால் ரோசினும் (பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கும் கட்டி) ஆமணக்கு எண்ணெயும் போதும். எடையில் ஐந்து பங்கு ரோசினுக்கு மூன்று பங்கு எண்ணெய் என்று எடுத்துக்கொண்டு, பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவிட்டு, அதற்குள் வைத்த சிறு பாத்திரத்தில் இரண்டையும் கலந்து உருகும் வரை கிளறவேண்டும். நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள், ரோசின் தீப்பற்றும். திறந்த வெளியில், குழந்தைகள் இல்லாத நேரத்தில் செய்யுங்கள். ஆறிய பிறகு இரண்டு விரலால் தொட்டுப் பிரித்தால் நூல் நூலாக இழுபட வேண்டும். விரலில் ஒட்டாமல் விறைத்தால் எண்ணெய் சேருங்கள், வழிந்தால் ரோசின் சேருங்கள். பங்குனி, சித்திரை வெயிலுக்குக் கொஞ்சம் கெட்டியாகவே இருக்கட்டும்.

சைக்கிள் கடைக் கிரீஸ் அவசரத்துக்கு ஆகும். ஒரு வாரத்தில் மேலே ஏடு கட்டிப் புழுதி படிந்து எறும்புக்குச் சாலை ஆகிவிடும், பிறகு வழித்தெடுத்து மறுபடி தடவவேண்டும். வெறும் ஆமணக்கு எண்ணெய் இரண்டு மூன்று நாள்கூட நிற்பதில்லை.

எதை எடுத்தாலும் சரி, பட்டை மேல் நேராகத் தடவக்கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் எலுமிச்சைக்கு அப்போது மூன்று வயது, தண்டு கட்டை விரல் பருமன். அதன் பட்டையில் நேராகக் கிரீஸைப் பூசினேன். இரண்டு மாதத்தில் பூசின இடம் கறுத்து, அந்தக் கோடைக்குள் பட்டை வெடித்து உரிந்தது. இளம் பட்டைக்குக் கீழேதான் இலையில் சமைத்த உணவு வேருக்கு இறங்கும் பாதை இருக்கிறது. அது சுற்றிலும் அழிந்தால் வேர் பட்டினி கிடக்கும். அந்தக் கன்று பிழைக்கவில்லை.

கட்டு போடுதல்

காலம் பார்த்துச் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து, தை பிறந்ததும் நல்ல நேரம். மாவுப்பூச்சி பெருகுவது வறண்ட நாட்களில்தான், கனமழை அதை அடித்துக் கழுவிவிடும். தை தொடங்கி ஆனி வரை கட்டு இருந்தால் போதும்.

கட்டுக்கு முந்தின வேலை பாலங்களை அறுப்பது. இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். தாழ்ந்து தரையைத் தொடும் கொப்பு, மதில் மேல் சாய்ந்த கிளை, அண்டை மரத்தோடு உரசும் நுனி, தூரைச் சுற்றி முளைத்த உயரமான புல், கன்றுக்கு ஊன்றிய குச்சி, மேலே ஏற்றிவிட்ட அவரைக்கொடி எல்லாமே பாலம். எங்கள் மாமரத்தில் கட்டு போட்டுப் பத்து நாளாகியும் எறும்பு குறையவே இல்லை. கட்டில் ஒட்டியதும் சொற்பம். ஒரு நாள் காலையில் துணி எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது: மாடிப்படிக் கம்பியிலிருந்து மரத்துக்கு இழுத்துக் கட்டிய துணிக்கொடி மேல், ஈரத் துண்டுக்கும் வேட்டிக்கும் நடுவே, ஒற்றை வரிசையாக எறும்பு போய்க்கொண்டிருந்தது. கொடியை மாற்றிக் கட்டினேன், மறுநாளே தூரில் கூட்டம் வந்து முட்டியது.

அடுத்து இடம். தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரம், முதல் கவட்டைக்குக் கீழே. அதற்கும் தாழ்வாகப் போட்டால் தண்ணீர் பாய்ச்சும்போது மண் தெறித்துப் பசையை மூடும். சீத்தாவும் மாதுளையும் தூரிலேயே மூன்று நான்கு தண்டாகப் பிரியும், ஒவ்வொரு தண்டுக்கும் தனிக் கட்டு வேண்டும். ஒன்றை விட்டாலும் மற்றவை வீண்.

அந்த இடத்தில் உதிரும் பட்டையைத் தென்னந்தும்பால் லேசாகத் தேய்த்து எடுங்கள், பச்சை தெரியச் சுரண்ட வேண்டாம். பழைய மாமரப் பட்டையில் விரல் நுழையும் வெடிப்புகள் இருக்கும். எறும்பு கட்டுக்கு அடியில் அந்த வெடிப்பு வழியாகச் சுரங்கப் பாதை போல் போய்விடும். களிமண்ணில் கொஞ்சம் சாணி சேர்த்துக் குழைத்து அப்பி, வெடிப்புகளை மட்டமாக்கி ஒரு நாள் காயவிடுங்கள்.

பிறகு மெத்தையைச் சுற்றுங்கள். அதன் மேல் பாலித்தீனை வழவழப்பான பக்கம் வெளியே இருக்கும்படி சுற்றி, முனைகள் மூன்று விரற்கடை ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி விடுங்கள். மெத்தை மேலும் கீழும் சற்றே வெளியே தெரியட்டும். கீழ் விளிம்பிலும் மேல் விளிம்பிலும் சணலால் கட்டுங்கள். எறும்பு நுழையாத அளவுக்கு இறுக்கம், சுண்டுவிரல் நகம் சிரமப்பட்டு நுழையும் அளவுக்குத் தளர்வு. கட்டிய பின் சுற்றிலும் விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்குகிற இடத்தில் இடைவெளி இருக்கிறது, அங்கே பஞ்சைத் திணியுங்கள்.

கடைசியில் பசை. தாளின் நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு, ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்குச் சற்று மேலாக, சுற்றிலும் விட்டுப்போகாமல் தடவுங்கள். மேலும் கீழும் இரண்டு விரல் வெற்றுத் தாளாக இருக்கட்டும், வழிந்தாலும் பட்டையைத் தொடாது.

சாயங்காலம் போய்ப் பாருங்கள். கட்டுக்குக் கீழே எறும்புகள் குழம்பித் திரியும். விளிம்பில் நின்று உணர்கொம்பை நீட்டி நீட்டிப் பசையைத் தொட்டுப் பின்வாங்கும். சில மாட்டிக்கொள்ளும், பெரும்பாலானவை திரும்பிப் போகும். கட்டில் ஒட்டிய எறும்பின் எண்ணிக்கை குறைவாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். வழி அடைபட்டால் போதும்.

மேலே இருப்பதை என்ன செய்வது

கட்டு போட்ட அதே நாள் அல்லது மறுநாள் இதைச் செய்ய வேண்டும். வெள்ளையாக மொய்த்த கொழுந்துகளை வெட்டி, பைக்குள் போட்டு முடிந்து, வெயிலில் வையுங்கள். மரத்தடியில் போட்டால் திரும்ப நடந்து வரும். மீதிக்குக் குழாயில் விரலை வைத்துப் பீய்ச்சும் தண்ணீரே பாதி வேலையை முடிக்கும். மிச்சத்துக்கு லிட்டருக்கு 20 மி.லி. வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், மாலை நேரத்தில் இலையின் அடிப்புறம் நனையும்படி. வேளாண் கடையில் மீன் எண்ணெய் ரோசின் சோப்பு கிடைத்தால் லிட்டருக்கு 25 கிராம் கரைத்து அடிக்கலாம். மெழுகுப் பஞ்சை ஊடுருவ அது நன்றாக உதவும்.

அடித்துவிட்டு இரண்டு வாரம் பொறுத்திருங்கள். எறும்புக் காவல் போனதும் பொறிவண்டுகள் வரத் தொடங்கும். இங்கே புதியவர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழுவும் வெள்ளை மெழுகு போர்த்தி, பார்க்க மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். ஒரு குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி அசையாமல் கிடக்கும், அல்லது மெதுவாக நகரும். பொறிவண்டுப் புழு அதைவிடப் பெரிதாக, நீண்ட வெள்ளை இழைகள் தொங்க, விறுவிறுவென்று நடந்துபோகும். அதை நசுக்கிவிடாதீர்கள். 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்டு மாவட்டம் மாவட்டமாகப் பரவிய பப்பாளி மாவுப்பூச்சியை, 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்துவிட்ட சிறு குளவிதான் அடக்கியது. இந்த மாதிரி வேலையாட்களை எறும்பின் தொல்லையில்லாமல் மரத்துக்குள் விடுவதே பசைக்கட்டின் பெரிய பலன்.

வாரம் ஒரு முறை

ஒரு குச்சியை எடுத்துப் பசையைக் கிளறி விடுங்கள். சருகு, புழுதி, செத்த எறும்பு எல்லாம் சேர்ந்து மேலே ஓர் ஏடாகப் படியும், மற்ற எறும்புகள் அதன் மேல் நடந்துபோகும். சில கூட்டங்கள் மண்துகளைக் கொண்டுவந்து பசை மேல் போட்டே பாதை அமைப்பதையும் பார்த்திருக்கிறேன். சாலையோர மரமாக இருந்தால் வாரம் இரண்டு முறை கிளற வேண்டியிருக்கும். கயிறு பட்டையில் பதிகிறதா என்றும் பாருங்கள், கன்றுகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் பருத்துக்கொண்டே இருக்கும்.

ஓணான், பல்லி, சிட்டு, அணில் இவை கட்டில் மாட்டக்கூடாது. பல்லி ஒன்று வால் வரை ஒட்டித் துடிப்பதை ஒரு தடவை பார்த்தால் மறக்க முடியாது. பசைக்கு வெளியே சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி விட்டு, அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையைக் கூடு மாதிரி வளைத்து நிறுத்துங்கள். வலை பசையையும் தொடக்கூடாது, கட்டுக்கு மேலே உள்ள பட்டையையும் தொடக்கூடாது, தொட்டால் அதுவே பாலம். ஏதாவது மாட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காதீர்கள். சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு மெதுவாக விடுவியுங்கள்.

முருங்கையின் கம்பளிப்பூச்சி

மழைக்காலத்தில் இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். முருங்கைக் கம்பளிப்பூச்சி பகலில் அடிமரத்தில் அப்பிய மாதிரி கூட்டமாகக் கிடந்து, இரவில் ஏறி இலையை மொட்டையடிக்கும். தாய் அந்துப்பூச்சி பறந்து வந்து மரத்தின் மேலேயே முட்டையிடுவதால் கட்டு போட்டு வரவே விடாமல் செய்ய முடியாது. ஆனால் பகலில் அவை கூடும் இடத்துக்கு மேலே ஒரு கட்டு இருந்தால், இறங்கியவை திரும்ப ஏறத் தடுமாறும். கூட்டம் பெரிதானால் முதலில் ஒட்டியவற்றின் முதுகில் மற்றவை ஏறிக் கடந்துவிடும், ஆகவே கட்டை மட்டும் நம்பாமல், பகலில் கூடியிருக்கும்போதே நீளத் துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளிவிடுங்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, முகத்துக்குத் துணி. மரத்திலிருந்து காற்று உங்கள் பக்கம் அடிக்கும்படி நிற்காதீர்கள், அந்த மயிர் பட்டால் இரண்டு நாள் அரிக்கும். தீப்பந்தம் காட்டுவது பழைய வழக்கம். முருங்கைப் பட்டை மெல்லியது, பந்தத்தை ஓரிடத்தில் நிறுத்தினால் மரமும் வெந்துபோகும்.

கட்டை அவிழ்ப்பது

ஆனி கழிந்ததும் கட்டை அவிழ்த்துவிடுங்கள். வருடம் முழுக்க விட்டால் மெத்தைக்கு அடியில் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும், பட்டை தின்னும் புழு அதற்குள் ஒளிந்துகொள்ளும். பசைத் தாளை உட்புறமாக மடித்துச் சுருட்டிக் குப்பையில் போடுங்கள். எரிக்க வேண்டாம், ஆடு மாடு வாய் வைக்கும் இடத்தில் போடவும் வேண்டாம். அப்பிய களிமண்ணைத் தட்டி எடுத்துவிட்டு, கட்டு இருந்த இடத்தை ஈரத் துணியால் துடைத்து நன்றாகக் காற்றாட விடுங்கள். அடுத்த தையில் கட்டும்போது அதே இடத்தில் கட்டாமல் ஒரு சாண் மேலேயோ கீழேயோ தள்ளிக் கட்டுங்கள்.